பாசத்துக்கும் ஒரு பத்திரம் வேணும்!

(பட்டிமன்றத் தலைப்பு: சேர்ந்து வாழும் வாழ்க்கைக்குப் பாதுகாப்பு பாசமா? பத்திரமா? “பத்திரமே!” அணியின் இரண்டாவது பேச்சு.)



ஐயா, எனக்கு முன்னால் பேசிய தம்பி அருமையாகப் பேசினார். “எங்க தாத்தா பாட்டி அறுபது வருஷம் வாழ்ந்தாங்க. எந்தப் பத்திரம் எழுதினாங்க? சந்தேகம் உள்ள இடத்துலதான் பத்திரம் வரும். பாசம் உள்ள இடத்துல எதுக்குப் பத்திரம்?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு)

அந்தத் தம்பியை நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். காலையில நீங்க வீட்டை விட்டுக் கிளம்பறப்போ உங்க வீட்டம்மா என்ன சொல்லி அனுப்பினாங்க? “பாசமா போயிட்டு வாங்க”ன்னா சொன்னாங்க? “பத்திரமா போயிட்டு வாங்க”ன்னுதானே சொன்னாங்க! (பலத்த கைதட்டல்) தமிழன் கெட்டிக்காரன் ஐயா. பாதுகாப்புக்கும் பத்திரம்னு பேர் வச்சான். எழுதி வைக்கிற ஆவணத்துக்கும் பத்திரம்னே பேர் வச்சுட்டான். தலைப்புக்கான தீர்ப்பு நம்ம மொழியிலேயே இருக்கு. நீங்க அதை வாசிச்சா போதும்.

நடுவர்: தீர்ப்பை நான்தாம்மா சொல்லணும். நீங்க வாதத்தைச் சொல்லுங்க! (சிரிப்பு)

சொல்றேன் ஐயா. எழுதி வைக்கிறது நம்ம பண்பாடே இல்லை, அது வெள்ளைக்காரன் பழக்கம்னு எதிரணியில சொன்னாங்க. பெரியபுராணத்துக்குப் போவோம். புத்தூரிலே சுந்தரருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு கிழவர் வருகிறார். வந்தவர் சிவபெருமான். கல்யாண வீட்டுக்கு வருகிற கடவுள் கையில் என்ன கொண்டு வந்தார்? பூ கொண்டு வரலை, பழம் கொண்டு வரலை. ஓலை கொண்டு வந்தார்! “உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது” என்றார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் பதறவே இல்லை. கிழிஞ்சது படியோலை, மூல ஓலை என்கிட்டே பத்திரமா இருக்குன்னுட்டார்! (சிரிப்பு, கைதட்டல்) திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே பாட்டனாருடைய கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வழக்கு தீர்ந்தது. எல்லாம் வல்ல இறைவனே ஒரிஜினல் ஒண்ணு, ஜெராக்ஸ் ஒண்ணுன்னு வச்சிருந்தான். நாம என்ன வச்சிருக்கோம்?

அடுத்து சகுந்தலை கதை. காட்டிலே பார்த்தார்கள், காதலித்தார்கள், ஊருக்குத் தெரியாமல் கந்தர்வ மணம் முடித்தார்கள். துஷ்யந்தன் பாசத்துக்கு என்ன குறைச்சல்? ஆனா அவள் கையில் இருந்த ஒரே சாட்சி மோதிரம். அதுவும் தண்ணீரில் விழுந்தது, மீன் முழுங்கிடுச்சு. அரசவையில் கர்ப்பிணிப் பெண் நிற்கிறாள், “நீ யாரம்மா?” என்று கேட்கிறான். ஐயா, பதிவு பண்ணியிருந்தா ரெஜிஸ்டர் ஆபீசில் நகல் வாங்கியிருக்கலாம். மீன் வயித்துல தேட வேண்டியதில்லை! (பலத்த சிரிப்பு)

தாத்தா பாட்டி எழுதவில்லை என்பது உண்மைதான். ஏன் எழுதவில்லை? அன்றைக்கு ஊரே பத்திரம். நானூறு பேர் பார்த்த கல்யாணம். அந்த நானூறு பேரும் சாகும்வரை அதே ஊரிலே இருந்தார்கள். தாத்தா ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் ஆலமரத்தடியில் கேட்க ஆள் இருந்தது. இன்றைக்கு? அடுக்குமாடியிலே எதிர்வீட்டுக்காரர் பேரு நமக்குத் தெரியாது. சாட்சி யாரு? லிஃப்ட்தான் சாட்சி! (சிரிப்பு) தொல்காப்பியர் அன்றைக்கே கற்பியலில் சொல்லிவிட்டார்: பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பிறகுதான் பெரியவர்கள் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்று. மனுஷன் சொல் மாறுவான்னு தெரிஞ்சதாலதான் கல்யாணமே வந்துச்சு. தாலியும் ஒரு ஒப்பந்தம்தான், தம்பி!

சரி, நம்ம கல்யாணத்துல எழுத்தே இல்லையா? மண்டபத்துக்கு அக்ரிமென்ட் போடறோம். சமையல்காரருக்கு லிஸ்ட் எழுதறோம். வீடியோகாரர்கிட்ட அட்வான்ஸ் ரசீது வாங்கறோம். மொய் எழுத ஒரு நோட்டு, ரெண்டு பேனா, கணக்கு தப்பாத ஒரு சித்தப்பா! (சிரிப்பு) நூத்தியோரு ரூபா மொய்க்குப் பேரு எழுதறோம், இனிஷியல் எழுதறோம், ஊரு எழுதறோம். முப்பது வருஷம் கழிச்சும் அந்த நோட்டை எடுத்துப் பார்த்துத்தான் திருப்பிச் செய்யறோம். ஆனா, பொண்ணு போட்டுக்கிட்டு வந்த நகைக்கு நோட்டு எங்கே?

அதுக்கும் விதி இருக்கு, தாய்மார்களே. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. அதன் கீழ் 1985-ல் ஒரு விதி வந்தது. கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த அன்பளிப்புக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்ததுக்கு ஒரு பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், சுமார் என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் எழுதினீங்க? ஒரு கை தூக்குங்க பார்ப்போம். (அமைதி) ஒரு கைகூட இல்லை ஐயா! பெண்ணின் சீதனம் அவளுடைய சொந்தச் சொத்து, கணவனிடம் அது வெறும் அடைக்கலம்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனா கோர்ட்டுல போய் நின்னா, “என்ன போட்டுட்டு வந்தே?”ன்னு கேட்பாங்க. கல்யாண ஆல்பத்தைக் காட்டி “இந்தக் கழுத்துல இருக்கு பாருங்க”ன்னு அழுகிற பெண்கள் எத்தனை பேர்! மொய் நோட்டிலே கடைசி ரெண்டு பக்கத்தை அந்தப் பெண்ணுக்காக ஒதுக்குங்கன்னு கேட்டுக்கிறேன். (கைதட்டல்)

அடுத்தது கல்யாணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள். ஆனா எச்சரிக்கை! பதிவுச் சீட்டு மட்டுமே கல்யாணம் ஆகிவிடாது. முறைப்படி கல்யாணமே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்தால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முறைப்படி என்றால் புரோகிதரும் அக்கினியும்தான் என்று நினைக்க வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் கல்யாணம், தாலி கட்டினாலும் கல்யாணம். ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

எதிரணியில ஒரு அம்மா கேட்டாங்க: “வெளிநாட்டுல மாதிரி, பிரிஞ்சா யாருக்கு எவ்வளவுன்னு முன்கூட்டியே எழுதிக்கிட்டா அது கல்யாணமா, கம்பெனியா?” நல்ல கேள்வி. அம்மா, நம்ம நாட்டுல நினைச்சதையெல்லாம் எழுதிட முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவு, பொதுநலக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 1901-லேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடி எழுதிக் கொடுத்திருக்கார்: “காலம் முழுக்க மாமியார் வீட்டிலேயே இருப்பேன்”னு. வீட்டோடு மாப்பிள்ளை அக்ரிமென்ட்! (சிரிப்பு) பிறகு வெளியே போயிட்டார். அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு தீர்ப்பாயிடுச்சு. போனதுக்குக் காரணம் மாமியார் சமையலான்னு தீர்ப்புல இருக்கான்னு கேட்காதீங்க! (பலத்த சிரிப்பு)

ஆனா இதே இந்தியாவுல கோவாவுக்குப் போங்க. போர்ச்சுகீசியர் காலத்துச் சட்டம் இன்றும் அங்கே குடும்பச் சட்டமாக நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பே சொத்து ஏற்பாட்டை ஒப்பந்தமாக எழுதலாம். எழுதாவிட்டால் பொதுவாகக் கணவன் மனைவி சொத்து ரெண்டு பேருக்கும் சமம். நம்ம இஸ்லாமியச் சகோதரர்கள் வீட்டிலே நிக்காஹ் என்பதே ஒப்பந்தம்தான். பெண்ணுக்கு மஹர் எவ்வளவு என்று சாட்சிகள் முன்னால் பேசி எழுதுகிறார்கள். அதனால அங்கே பாசம் குறைஞ்சு போச்சா? அந்த வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டவங்க சொல்லுங்க! (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, பத்திரம்னு நான் சொல்றது சரியான பத்திரத்தை. வெத்துப் பத்திரத்தை இல்லை. நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் இருக்கு. புருஷன் பெண்டாட்டிக்குள்ள சண்டைன்னா இருபது ரூபா பத்திரம் வாங்கி, “இன்று முதல் நமக்குள் எந்த ஒட்டும் உறவும் இல்லை”ன்னு எழுதி, நோட்டரி முத்திரை போட்டு, விடுதலைப் பத்திரம்னு கையில கொடுத்துடறாங்க. அந்தப் பொண்ணும் விவாகரத்து ஆயிடுச்சுன்னு நம்பிடுது. அப்படியே மறுகல்யாணமும் நடந்துடுது. அது செல்லாது, தாய்மார்களே! வழக்கமாகவே அத்து விடுகிற முறை இருப்பதாக நிரூபிக்கிற சில சமூகங்களுக்குத்தான் விலக்கு. மற்ற இந்துத் திருமணங்களுக்கு நீதிமன்றம்தான் பிரித்து வைக்க வேண்டும். ஒரு வருஷம் பிரிந்திருந்து ரெண்டு பேரும் சம்மதித்து மனுப் போட்டால், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. இருபது ரூபா காகிதத்தை நம்பி வாழ்க்கையைத் தொலைக்காதீங்க.

இப்போ கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள். முகம் சுளிக்காதீங்க பெரியவங்களே. சரியா தப்பான்னு தீர்ப்புச் சொல்ல நான் வரலை. அந்த வீட்டிலேயும் ஒரு பொண்ணு இருக்கு, அதுவும் யாரோ பெத்த பொண்ணு. (கைதட்டல்) வயது வந்த ரெண்டு பேர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், திருமணத்தைப் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் எல்லா உறவும் அதில் வராது. கோயம்புத்தூரில் தொடங்கிய ஒரு வழக்கிலே 2010-ல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் சொன்னது: ஊருக்கு முன்னால் கணவன் மனைவி போல வாழ்ந்திருக்க வேண்டும், ரெண்டு பேரும் கல்யாண வயதும் தகுதியும் உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். உத்தரகாண்ட் மாநிலத்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், இப்படிச் சேர்ந்து வாழ்வதையே பதிவு செய்யச் சொல்கிறது.

இந்த உறவுக்குப் பத்திரம் எழுதினால் போதுமா? 1970-களில் குஜராத்திலே ‘மைத்ரி கரார்’ என்று ஒன்று இருந்தது. நட்பு ஒப்பந்தம். கேட்க எவ்வளவு இனிமை! ஏற்கனவே மனைவி இருக்கிற ஆண், இன்னொரு பெண்ணோடு முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வது. அந்தக் காகிதம் அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையைத் தரவில்லை. வீட்டிலே இருக்கிற மனைவியைத்தான் அழவிட்டது. அதனால சேர்ந்து வாழற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம்”னு ஒரே காகிதத்துல எல்லாத்தையும் எழுதிட்டோம்னு இருந்துடாதீங்க. ஒவ்வொண்ணையும் அதது இடத்துல எழுதுங்க. வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பெயரும் இருக்கட்டும். சேர்ந்து வீடு வாங்கினா கிரயப் பத்திரத்துல ரெண்டு பேரும் இருக்கட்டும், யார் எவ்வளவு போட்டதுன்னும் இருக்கட்டும். ஏன்னா, ஒருத்தர் போயிட்டா, வாரிசுச் சட்டத்துல இன்னொருத்தருக்கு இடமே இல்லை. உயில் ஒண்ணுதான் காப்பாத்தும்.

உயில்னதும் என் குடும்பத்துல நடந்ததைச் சொல்லணும் ஐயா. இதைச் சொல்லத்தான் நான் இந்த அணியைக் கேட்டு வாங்கினேன்.

எங்க அத்தை. மதுரைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். மாமா லேத் பட்டறை வச்சிருந்தார். குழந்தை இல்லை. “நீ எனக்குக் குழந்தை, நான் உனக்குக் குழந்தை”ன்னு வாழ்ந்தவங்க. அத்தைக்குத் தலைவலின்னா மாமா பட்டறையை மூடிடுவார். 1998-ல் வீடு கட்டினாங்க. அத்தை தன்னோட பதினாலு பவுனையும் கழட்டிக் கொடுத்தாங்க. பத்திரம் மாமா பேர்ல. யார் பேர்ல இருந்தா என்னன்னு ரெண்டு பேருமே நினைச்சாங்க. 2009-ல் மாமா திடீர்னு மாரடைப்புல போயிட்டார்.

இந்து வாரிசுச் சட்டம் 1956. உயில் எழுதாமல் ஆண் இறந்தால், மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. பிள்ளை இல்லை. அதனால பாதி வீடு அத்தைக்கு, பாதி வீடு மாமாவோட அம்மாவுக்கு. அந்தப் பாட்டியும் அத்தையும் ஒரே வீட்டுலதான் இருந்தாங்க, பிரச்சினை இல்லை. ரெண்டு வருஷத்துல பாட்டியும் போயிட்டாங்க. பாட்டியோட பாதி யாருக்கு? அவங்க பெத்த மற்ற பிள்ளைகளுக்கு. ரெண்டு கொழுந்தனார், ஒரு நாத்தனார். அவங்க கெட்டவங்க இல்லை ஐயா. நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணம் வந்தது, பணம் வேணும். கொழுந்தனாருக்குக் கடன் இருந்தது. “அண்ணி, எங்க பங்கைக் கொடுத்துடுங்க”ன்னு தயங்கித் தயங்கித்தான் கேட்டாங்க. சட்டப்படி கேட்டாங்க. பங்கை வாங்க அத்தைகிட்டே பணம் இல்லை.

அத்தை எனக்குப் போன் பண்ணினாங்க. “அவர் எழுதித்தான் வச்சிருப்பார்டி. என்னை இப்படி விட்டுட்டுப் போகிற மனுஷன் இல்லை. நீ வந்து தேடிப் பாரு”ன்னாங்க. நான் போனேன். மாமாவோட இரும்பு டிரங்குப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். பட்டறை பில்லு, கரண்ட் பில்லு, எல்.ஐ.சி. ரசீது, கல்யாணமான புதுசுல அத்தை எழுதின கடுதாசி எல்லாம் இருந்தது. அடியில ஒரு பிளாஸ்டிக் கவர். பிரிச்சுப் பார்த்தேன். பதினாலு பவுன் நகை வித்த ரசீது. அத்தனை வருஷமா மடிப்புக் கலையாம வச்சிருந்தார். (அமைதி)

பாசம் இல்லையா ஐயா மாமாவுக்கு? எதிரணி நண்பர்களே, இதுக்கு மேலே பாசம் எங்கே இருக்கு? ஆனா வக்கீல்கிட்ட அந்த ரசீதைக் காட்டினேன். “இது நகை வித்ததுக்குச் சாட்சிம்மா, வீட்டுக்குச் சாட்சி இல்லையே”ன்னார். உயில் எழுத முத்திரைத்தாள்கூட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், அவர் கையெழுத்து, அதைப் பார்த்த ரெண்டு சாட்சி கையெழுத்து. பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. அந்த ஒரு தாள் இல்லாததால வீடு வித்தாச்சு. அத்தை இன்னிக்கு வாடகை வீட்டுல இருக்காங்க. இன்னிக்கும் “அவர் எழுதித்தான் வச்சிருப்பார், எங்கேயோ கை மாறிப் போச்சு”ன்னுதான் சொல்றாங்க. நான் இல்லைன்னு சொன்னதில்லை.

(மணி அடிக்கிறது)

நடுவர்: மணியை விடுங்கம்மா. ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டுல எழுதியாச்சா?

எழுதியாச்சு ஐயா! ஊர்லேருந்து திரும்பின அன்னிக்கே என் வீட்டுக்காரர்கிட்ட உயில் எழுதலாம்னு சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன் தட்டைத் தள்ளி வச்சுட்டு, “ஏண்டி, சாம்பார்ல எதையாவது கலந்துட்டியா?”ன்னார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அப்புறம் அத்தை கதையைச் சொன்னேன். ஒரு வாரம் பேசலை. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கொண்ணு எழுதினோம். எனக்கும் பிள்ளைகளுக்கும்னு இருந்த இன்ஷூரன்ஸ்லயும் ஒரு விவரம் தெரிஞ்சுக்கிட்டோம். 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்தால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கான தனிச் சொத்து. கடன்காரர் கைவைக்க முடியாது. புதுசா ஒரு பாலிசியை அப்படியே எடுத்தார்.

அவர் எழுதின உயிலை வாசிச்சேன். “தாம்பரம் பக்கத்து மனை” அப்படின்னு எழுதி, பக்கத்துல, வக்கீல் சொல்லாமலே ஒரு வரி சேர்த்திருந்தார்: “என் மனைவியின் வளையலை விற்று வாங்கியது” என்று. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒரு காதல் கடுதாசிகூட எழுதாத மனுஷன் ஐயா. (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, பத்திரம் எழுதினா பாசம் போயிடும்னீங்க. எங்க மாமாவோட பாசம் டிரங்குப் பெட்டியோட அடியிலே கிடந்தது. என் வீட்டுக்காரரோட பாசம் ரெண்டு சாட்சி கையெழுத்தோட பீரோவிலே இருக்கு. எது ஒரு பொண்ணைக் கூரைக்குக் கீழே வச்சிருக்கும்னு நடுவர் ஐயா முடிவு பண்ணட்டும்.

இந்த நிகழ்ச்சி முடிஞ்சதும் டி.வி.யை அணைச்சுட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, “நம்ம காகிதமெல்லாம் எங்கே இருக்கு?”ன்னு கேட்டுக்கோங்க. சண்டை போடாம கேளுங்க! (சிரிப்பு) எல்லோரும் பாசமாக வாழ வாழ்த்துகிறேன். வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேரவும் வாழ்த்துகிறேன்.

(நீண்ட கைதட்டல்)